கஞ்சித் தொட்டியும் கைத்தறி மூட்டையும்

தோழனே!

கொடுப்பது அறம், மறுப்பார் யாருமிலர். ஆனால், பெறுகின்றவன் தலை நிமிர்ந்து செல்கின்றானா, தாழ்ந்து செல்கின்றானா என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

1952, 53ஆம் ஆண்டுகளின் நிலையை நினைத்துப் பார். ஆலைத் துணி அங்காடியை அடைத்துக் கொண்டது. நெய்த துணி வீட்டு மூலையிலே குவிந்தது. தறி ஓய்ந்தது, அடுப்பும் அணைந்தது. ஊரார் மானம் காக்க ஆடை தந்தவன், தன் மானத்தை மறந்து, கஞ்சித் தொட்டியின் முன்னே கலயம் ஏந்தி நின்றான். கஞ்சி வேண்டாமென்று கூறுவேனா? பசித்த வயிறு தத்துவம் கேளாது! எனினும், கஞ்சி அன்றைய பசியைத் தணித்தது. அவன் தறியை ஆட்டி வைத்ததா? இல்லை!

கழகம் என்ன செய்தது? 1953 சனவரியில் கைத்தறி மூட்டையைத் தோளிலே சுமந்து தெருவிலே இறங்கிற்று. திருச்சித் தெருக்களிலே அண்ணாவே துணி விற்றார். மேடையிலே முழங்கிய நா, வீதியிலே விலை கூறிற்று! அதனால் வறுமை ஒழிந்துவிடவில்லை; உண்மை. ஆனால், நெசவாளியின் கைக்குச் சென்ற காசு பிச்சையன்று. அவன் உழைப்பின் விலை!

அதே ஆண்டில், ஆலைத் துணிக்குக் கெசத்திற்கு 3 தம்படி தீர்வை விதித்து, கதருக்கும் கைத்தறிக்கும் உதவ மத்திய அரசு சட்டமியற்றியது. 1983இல், பொங்கலுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை வழங்கும் திட்டம் தமிழகத்தில் பிறந்தது. மாற்றார் ஆட்சியில் பிறந்ததெனினும் நல்லது நல்லதே! ஏழைக்கு உடை, நெய்தவனுக்கு வேலை. ஒரு செலவு, இரு பயன்!

துயர் தீர்ந்ததா? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தொழிலில் இருப்பதாகக் கூறுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக் குடும்பங்களின் மாத வருவாய் 5000 ரூபாயைத் தொடவில்லை!

இனி, உன்னைக் கேட்கிறேன். தலைவர் பிறந்த நாளுக்கு அரிசிப் பை வழங்குகிறாய். பெறுகின்ற மூதாட்டியின் முகத்தைப் படமெடுத்துச் சுவரொட்டியில் போடுகிறாய். முதியோர்க்கும் நோயாளர்க்கும் கொடு, தாராளமாகக் கொடு! படம் எதற்கு? அவள் வறுமை உனக்கு விளம்பரமா?

விழாதோறும் பொன்னாடை போர்த்துகிறாய். பளபளக்கிறது, எந்த நெசவாளியின் அடுப்பை எரிய வைத்தது? அந்தப் பணத்திற்குக் கைத்தறித் துண்டு வாங்கு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது; 1935 முதல் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. கடனாகக் கேளாதே, பேரம் பேசாதே, காசை எண்ணி வைத்து வாங்கு!

விலை சற்றுக் கூடுதலே என்பாய். ஆம் தோழனே, அந்தக் கூடுதல்தான் உன் கொடை! கொடுத்தவன் நீ என்று அவனுக்குத் தெரியாது. பெற்றோம் என்ற கூச்சம் அவனுக்கு இராது. ஒலிப்பது தறியின் ஓசை மட்டுமே. அதைவிட இனிய வாழ்த்தொலி நமக்கு வேறென்ன வேண்டும்?