இடிச்சா அவமானம் போயிடுமா?

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் செங்கல்லால் கட்டிய பழைய கிடங்கு ஒன்று நிற்கிறது. பெயர் ‘லாகர்ஹவுஸ் ஜி’. சரக்கு வைக்கக் கட்டிய இடம். ஆனால் 1944 ஜூலையில் நாஜிகள் அங்கே அடைத்தது மனிதர்களை! ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து சுமார் 1,000 யூதப் பெண்களைக் கொண்டுவந்து, குண்டு விழுந்த எண்ணெய் ஆலைகளில் இடிபாடு அள்ள வைத்தார்கள். பிறகு ஆண் கைதிகள். 1944 அக்டோபர் 25 அன்று நடந்த விமானத் தாக்குதலில் சுமார் 150 கைதிகள் இறந்தார்கள்.

“அவமானச் சின்னம்தானே, இடிச்சிட்டா என்ன?” என்று என் தோழி கேட்டாள். இடிச்சா அவமானம் போகாது, சாட்சிதான் போகும். அதே ஊர் நொயங்கம்மே முகாமைப் பாருங்கள். போருக்குப் பின் மரக் கொட்டகைகளை இடித்துவிட்டு, 1948-இல் அங்கே சிறைச்சாலை வைத்தார்கள்! பெரிய நினைவிடம் வர 2005 ஆகிவிட்டது.

உயிர் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். இனி பேசப்போவது அந்தச் சுவர்தான். அதனால் பழுது பார்க்கட்டும். பளபளன்னு கடையா மட்டும் மாத்திடக் கூடாது. பெருமையை மட்டும் பாதுகாத்தா அது சரித்திரம் இல்லை, விளம்பரம்!