மாலையும் மண்வெட்டியும்

எங்கள் பேட்டையில் சென்ற மாதம் 'இளைஞரும் உடல்நலமும்' என்று ஒரு கூட்டம். என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் ஏழு பேர். எதிரே பதினைந்து பேர். அந்தப் பதினைந்தில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவன் மைக் கொண்டுவந்த பையன் ஒருவன்தான். மதுவின் தீமைகளை அடுக்கிக்கொண்டே வந்த தலைவர், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நல்லது எங்கே காதில் ஏறுகிறது?" என்று அங்கலாய்த்தார். மண்டபத்துக்குப் பின்னால் உள்ள பொட்டலில் அந்நேரம் நாற்பது பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தலைவர் என்ன செய்தார் தெரியுமா? பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஆளனுப்பி அவர்களை விரட்டச் சொன்னார்!

யாருக்காகக் கூட்டமோ அவர்களையே விரட்டிவிட்டு நடந்த அந்த வைபவத்தில், நானும் கழுத்தில் மாலையோடு வாய்மூடி உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கந்தான் இதை எழுதச் சொல்கிறது.

கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியில் மதாரே என்று ஏழைகளின் குடிசைப் பகுதி ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிறு கட்டிப் பந்தாக்கி ஆடிய சிறுவர்களைச் சேர்த்து, பாப் மன்ரோ என்ற கனடாக்காரர் 1987-இல் அங்கே ஒரு விளையாட்டுச் சங்கம் தொடங்கினார். அதன் பந்தயங்களில் ஒரு விசித்திரமான விதி. ஆட்டத்தில் ஜெயித்தால் 3 புள்ளி. குழுவாகச் சேர்ந்து தெருக் குப்பையை அள்ளினால் 6 புள்ளி! 1992-இல் பெண் குழந்தைகளும் ஆட வந்தார்கள். 1994-இல் எய்ட்ஸ் தடுப்புப் பிரசாரம் ஆரம்பமாயிற்று. அதை எடுத்துச் சொல்லப் பழகிக்கொண்டவர்கள் அந்த ஆட்டக்கார இளைஞர்களே. அந்தக் குப்பைமேட்டிலிருந்து கிளம்பிய மதாரே யுனைடெட் குழு, 2008-இல் கென்யாவின் லீக் பந்தயத்தில் முதலிடம் பெற்றது.

"பந்து ஆடினால் ஒழுக்கம் வந்துவிடுமா?" என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வராது, ஐயா. ஆட்டம் முடிந்ததும் நேரே மதுக்கடைக்குப் போகிறவர்களை நானும் அறிவேன். பந்துக்கு மந்திர சக்தி ஏதும் கிடையாது. மதாரேயின் சூட்சுமம் அந்த 6 புள்ளியில் இருக்கிறது. நாம் இளைஞனிடம் காதை மட்டும் கேட்கிறோம். அவர்கள் கையைக் கேட்டார்கள். தன் தெருவைத் தானே பெருக்கியவன், அந்தத் தெருவின் நோயைப் பற்றியும் பேச உரிமை பெறுகிறான். நமக்கோ அவனிடம் ஒரு துடைப்பத்தைக் கொடுக்கக்கூட நம்பிக்கை இல்லை. புத்திமதியை மட்டும் தாராளமாகக் கொடுக்கிறோம். அதற்குச் செலவில்லை அல்லவா?

அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாலை வேண்டாம். அந்தக் காசில் இரண்டு பந்தும் நாலு மண்வெட்டியும் வாங்கிக்கொண்டு பின்புறப் பொட்டலுக்கு வாருங்கள். பேச வேண்டியதை அந்தப் பையன்கள் பேசட்டும்; நான் கேட்டுக்கொள்கிறேன்.