காளான் மாத்திரை இல்லை

"காளான் சாப்பிட்டால் சுகர் இறங்கும்" என்ற பதிவு ஏதாவது ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது வந்துவிடுகிறது. கூடவே ஒரு பட்டியல்: கணையம் புத்துயிர் பெறும், எப்படிச் சாப்பிட்டாலும் நல்லது, கறிக்கு இணையான புரதம், வைட்டமின் டி. எனக்குக் காளான் பிடிக்கும், பட்டியல்தான் பிடிக்கவில்லை.

'இறங்கும்' என்பதை முதலில் பார்ப்போம். 100 கிராம் மொட்டுக் காளானில் மாவுச்சத்து மூன்று கிராமுக்குச் சற்று மேல், 22 கலோரி. மற்றபடி பெரும்பகுதி தண்ணீர். அதனால் சாப்பிட்டதும் சர்க்கரை எகிறாது. ஆனால் ஏற்றாமல் இருப்பது வேறு, ஏறியதை இறக்குவது வேறு. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. அதில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காளான் பொரியல் வைத்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு குறையும். அந்தப் பெருமை தட்டில் இல்லாத சோற்றுக்குத்தான் சேரும். சோற்றைக் குறைக்காமல் காளானைக் கூட்டினால் கூடுவது பொரியல் மட்டுமே.

பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்தையும் சான்றாகக் காட்டுகிறார்கள். ஓட்ஸ், பார்லியில் உள்ள பீட்டா குளூக்கன் குடலில் கொழகொழவென்றாகிச் சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது. மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த விஷயம் இது. காளானில் உள்ளதற்குப் பெயர் அதுவே என்றாலும் கட்டமைப்பு வேறு, பெரும்பகுதி தண்ணீரில் கரையாதது. கணையம் புத்துயிர் பெறும் கதையோ பெரும்பாலும் ரசாயனம் செலுத்தி நோய் வரவழைத்த எலிகளிடமிருந்து வந்தது. அவற்றுக்குக் கொடுத்ததும் செறிவூட்டிய சாறு. மிளகு போட்டு வதக்கிய காளான் இல்லை.

எப்படிச் சாப்பிட்டாலும் நல்லதாம். கோயம்புத்தூர்த் தள்ளுவண்டியில் 'ஒரு காளான்' என்று கேட்டுப் பாருங்கள். மைதாவும் சோள மாவும் பிசைந்து எண்ணெயில் பொரித்த உருண்டைகளைக் கல்லில் போட்டுக் கொத்தி, மசாலாவோடு கொதிக்கவிட்டு, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தருவார்கள். சுவைக்குக் குறைவில்லை. ஆனால் பல கடைகளில் அதற்குள் இருப்பது பெரும்பாலும் முட்டைக்கோஸ்! உண்மையான காளானே போட்டாலும் 'சிக்ஸ்டி ஃபைவ்', மஞ்சூரியன் என்று வரும்போது சர்க்கரையை ஏற்றுவது மேல்மாவு.

புரதக் கணக்கு இன்னும் எளிது. கடையில் வாங்கும் 200 கிராம் பாக்கெட் வாணலியில் தண்ணீர் விட்டுச் சுண்டி ஒரு சிறு கிண்ணம் ஆகும். அதில் இருப்பது ஏறக்குறைய ஒரு முட்டையின் புரதம்.

வைட்டமின் டி பாதி உண்மை. கூடாரத்துக்குள் வளரும் காளானில் அது சொற்பம். நறுக்கி உச்சி வெயிலில் சிறிது நேரம் வைத்தால் கூடும். அதனால் சுகர் குறையும் என்பது தனிக் கதை. சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்கள் காளானின் பொட்டாசியம் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தப் பேச்சு காய்கறிக் கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் கானோடெர்மா என்ற காளானின் காப்ஸ்யூலும் காபித்தூளும் வீடு தேடி வந்து விற்கப்படுகின்றன. ஆஸ்திரேலியாவில் சர்க்கரை நோயும் வளர்சிதை மாற்றக் கோளாறும் உள்ள 84 பேரிடம் இந்தக் காளானை 16 வாரம் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எந்த மேம்பாடும் இல்லை. இதை நம்பி சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்துபவர்கள், 'த்ரீ இன் ஒன்' காபிப் பொட்டலத்தின் பின்பக்கத்தையாவது படிக்கலாம். அந்த மூன்றில் ஒன்று சர்க்கரை.