கணிப்பும் ஏவலும்

காட்டுத்தீ எவ்வழிச் செல்லும் என்பதை எவராலும் முன்கூட்டி உரைக்க இயலாது என்று கருதுவோர் நம்மிடையே பலர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின் தீயின் நடைக்கும் ஓர் இலக்கணம் உண்டு. காற்றின் விசையும் வறட்சியும், சருகின் உலர்வும், நிலத்தின் சரிவும் தெரிந்தால் அந்நடையை ஏறத்தாழ அளந்துவிடலாம். ஆஸ்திரேலிய வனவியலறிஞர் ஆலன் மெக்கார்தர் 1960களிலேயே இதற்கென அளவுமானி ஒன்றை வகுத்தளித்தார். மேடு நோக்கி ஏறும் தீ, சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் ஏறத்தாழ இருமடங்கு விரைவு பெறும் என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. அமெரிக்கரான ரிச்சர்டு ராதர்மெல் 1972இல் வெளியிட்ட சமன்பாடுகள், கணினிவழிக் கணிப்புகள் பலவற்றிற்கு இன்றும் அடித்தளமாக நிற்கின்றன.

இத்துணை அறிவு வளர்ந்த பின்னரும் ஊரோடு மக்கள் மாண்டது ஏன் என்பதே நம் வினா.

2009 பிப்ரவரி 7ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். மெல்போர்ன் நகரில் வெப்பம் 46.4 பாகையை எட்டியது. நண்பகலை ஒட்டி, கில்மோர் கிழக்கு என்னுமிடத்தில் மின்கம்பி அறுந்து தீ மூண்டது. வடமேற்குக் காற்று அதனைத் தென்கிழக்கே துரத்திற்று. அகன்ற ஹியூம் நெடுஞ்சாலையையும் தீ தாண்டியது. யூக்கலிப்டஸ் மரங்களின் பட்டைகள் எரிந்தவாறே பறந்து, முன்னே தொலைவில் விழுந்து புதுத் தீக்களை மூட்டின. மாலையில் காற்று தென்மேற்காகத் திரும்பும் என்பதை வானிலைத் துறையினர் முன்னரே அறிவித்திருந்தனர். இதன் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். நீண்டு ஓடும் தீக்கு முகம் குறுகியது, விலா நெடியது. காற்று திரும்பிய கணமே அந்நெடிய விலா முழுவதும் முகமாகிவிடும். அதுவரை தீக்கு ஒதுக்குப்புறமாக இருந்த ஊர்கள் அதன் நேரெதிரே நிற்கும்.

இவை யாவும் மெல்போர்னிலிருந்த தீக்கணிப்பு வல்லுநர்க்குத் தெரிந்திருந்தன. கெவின் டோல்ஹர்ஸ்ட் தலைமையில் அவர்கள் அன்று கணிப்பு வரைபடங்களையும் வரைந்தனர். அவை களத்தில் ஆணையிடும் பொறுப்பினர் கைக்கு உரியவாறு சேரவில்லை என்பது பின்னர் அரச விசாரணை ஆணையத்தின்முன் வெளிப்பட்டது. கங்காரு கிரவுண்டு என்னும் ஊரின் கட்டுப்பாட்டு நிலையத்தார் ஆபத்தை உணர்ந்திருந்தனர். ஆனால் அத்தீக்குப் பொறுப்பு கில்மோர் நிலையமாதலால், தாமே எச்சரிக்கை வெளியிடாது நின்றனர். கிங்லேக் முதலிய ஊர்களுக்கு எச்சரிக்கை காலந்தாழ்ந்தே கிட்டியது. அவ்வொரு தீயில் மட்டும் மாண்டோர் 119 பேர். மாநிலம் முழுதும் 173 பேர்.

கணிப்பு பிழைபடாதா, பிழைபட்ட எச்சரிக்கையைக் கேட்டுக்கேட்டு மக்கள் அலுத்துப் போகாரா என வினவுவோர் உளர். வினா நேரியதே. பறக்கும் கொள்ளி எங்கு விழும் எனத் துல்லியமாய்ச் சொல்ல வல்லார் இன்றுமிலர். எனினும், வீணே வீட்டைவிட்டு வெளியேறியவர் மறுநாள் வந்து நம்மை ஏசலாம். ஏசுவதற்கு அவர் உயிரோடிருப்பார்.

மொழியாசிரியராகிய நம் கண்ணில் பட்ட ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடுவோம். 2022 செப்டம்பரில் ஆஸ்திரேலியா முழுமைக்கும் புதிய தீயபாய அளவீடு நடைமுறைக்கு வந்தது. படிகள் நான்கே. ஒவ்வொன்றனோடும் ஒரு கட்டளை இணைந்துள்ளது: ‘திட்டமிட்டு ஆயத்தமாகு’ என்பது தொடக்கப்படி, ‘உயிர் பிழைக்க வேண்டின் இடத்தை விட்டு நீங்கு’ என்பது இறுதிப்படி. ‘கடுமை’, ‘மிகக் கடுமை’ என அடைமொழிகளை அடுக்கிக்கொண்டிருந்த துறை, ஒருவழியாக ஏவல் வினைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

ஆயினும் அந்த ஏவலை ஒலிக்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் நம் கவலை. எல்லைக்கோடு எந்த நிலையத்துக்குரியதாயினும், ஆபத்தை முதலில் கண்டவர்க்கு அதனை உடனே அறிவிக்கும் அதிகாரம் எழுத்தில் அளிக்கப்பட வேண்டும். வரைபடம் தீட்டுவோரின் மேசைக்கும் ஊர்மக்களின் வானொலிக்கும் இடையே ஒப்புதல் கையொப்பங்கள் எத்துணை குறைகின்றனவோ அத்துணை நன்று. கங்காரு கிரவுண்டில் அன்று இருந்தோர்க்கு அறிவும் இருந்தது, அக்கறையும் இருந்தது. அவ்வதிகாரம் ஒன்றே இல்லை.