தேர்ச்சி அறிக்கை இல்லாத சிறுமிகள்

வீதி விபத்துச் செய்திகளில் நாம் அடிக்கடி வாசிக்கும் சொல் ‘கவனக்குறைவு’. குற்றம் யாருடையது என்று சொல்வதற்கான சொல் அது. ஏடிஎச்டி எனப்படும் நரம்பு வளர்ச்சி சார்ந்த நிலையைத் தமிழில் ‘கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு’ என்று எழுதுகிறோம். 41ஆவது வயதில் ஓர் உளநல மருத்துவர் இந்தப் பெயரை எனக்குச் சொன்னபோது, முதற்பாதி ஏற்கனவே பழக்கமானதாக இருந்தது. வீட்டிலும் வகுப்பிலும் அதை வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன்: பஞ்சி, அலட்சியம், பொறுப்பில்லாத பெட்டை.

அன்றிலிருந்து இதைப் பற்றிச் சித்திரம் வரைந்து வருகிறேன். உலகெங்கும் பல பெண்கள் இதையே செய்கிறார்கள். ஏன் இவ்வளவு பிந்தி, ஏன் கலையில் என்ற கேள்விக்கு ஒரு பழைய படப்புத்தகத்திலிருந்து பதில் தேடலாம்.

ஃப்ராங்ஃபர்ட் மருத்துவரான ஹைன்ரிச் ஹொஃப்மன் 1844 நத்தாருக்குத் தன் சிறு மகனுக்காகப் படக்கதைகள் வரைந்தார். அடுத்த ஆண்டு அவை புத்தகமாயின. பின்வந்த பதிப்புகளில் மேலும் கதைகள் சேர்ந்தன. கதிரையை ஆட்டி ஆட்டி, மேசைவிரிப்பையும் சாப்பாட்டையும் இழுத்துக்கொண்டு விழும் பிலிப் அதில் வருகிறான். வானத்தைப் பார்த்தபடி நடந்து தண்ணீருக்குள் விழும் ஹான்ஸும் வருகிறான். ஏடிஎச்டியின் வரலாற்றை எழுதுவோர் இந்த இரு பையன்களையும் விடாமல் குறிப்பிடுவார்கள். அதே புத்தகத்தில் பவுலின் என்ற சிறுமியும் இருக்கிறாள். தீக்குச்சியைத் தொடாதே என்று எச்சரித்தும் தொட்டு, எரிந்து சாம்பலாகிறாள். அவளை அந்த வரிசையில் சேர்ப்பவர்கள் குறைவு. சொற்கேளாத பிள்ளை, அவ்வளவுதான்.

பின்னர் வந்த மருத்துவமும் நீண்டகாலம் பையன்களைப் பார்த்தே அளவுகோல் செய்தது. பெண்பிள்ளைகள் பலரிடம் இந்த நிலை துள்ளலாக வெளிப்படுவதில்லை. யன்னலுக்கு வெளியே போய்விடும் மனமாக, முடிக்காத கொப்பியாக இருக்கும். வகுப்பைக் குழப்பாத பிள்ளையை யாரும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை. அமெரிக்க உளவள ஆலோசகர் சாரி சோல்டன் பெண்களை மையப்படுத்தி இதுபற்றி ஒரு நூல் எழுதியது 1995இல்தான். தன் பிள்ளையைப் பரிசோதிக்கக் கூட்டிச் சென்ற இடத்தில் தன்னையும் கண்டுகொள்ளும் தாய்மார் இன்றும் பலர்.

இன்று நிலைமை மாறுகிறது. வளர்ந்த பிறகே தனக்கு இது கண்டறியப்பட்டதாகத் திரைப்பட இயக்குநர் கிரேட்டா கெர்விக் 2023இல் சொன்னார். அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் டானி டொனோவன், ஏடிஎச்டி உள்ள ஒருவர் கதை சொல்லும்போது எத்தனை கிளைவழி போய்த் திரும்புகிறார் என்பதை ஒரே வரைபடத்தில் காட்டிப் பிரபலமானார். அதைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் கைத்தொலைபேசியில் இப்போது குவியும் துண்டுக் காணொளிகளில் பெரும்பாலானவை திறப்பைத் தொலைத்தேன், தேத்தண்ணியை மறந்தேன் என்ற செல்லச் சிணுங்கலோடு நின்றுவிடுகின்றன. எங்கள் பக்கத்துக் கதை அதற்குள் அடங்காது.

காரணம் ஒரு கடதாசி. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். (முன்பு அந்த எல்லை 7 வயது.) ஆகவே வயதுவந்த பெண்ணிடமும் மருத்துவர் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை இருக்கிறதா, சிறுவயதை அறிந்த யாராவது வரமுடியுமா என்று கேட்பார். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த கூட்டத்தில் எனக்கு 11 வயது. அறிக்கைகள் எல்லாம் வீட்டு லாச்சிக்குள் கிடந்தன. திரும்பி வந்தபோது லாச்சியும் இல்லை, கூரையும் இல்லை.

மிஞ்சிய சாட்சி அம்மா. “அந்தக் காலத்திலை ஆருக்குத்தான் கவனம் இருந்தது?” என்று அவர் மருத்துவரிடம் கேட்டார். அது நியாயமான கேள்வி. நித்திரையின்மை, மறதி, பதற்றம் எல்லாவற்றையும் போர் உண்டாக்கும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் பல பத்தாண்டுகளாக அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பணி இல்லாவிட்டால் எங்கள் மண்ணில் உளநலம் பற்றிப் பேச மொழியே இருந்திராது. ஆனால் அதே பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டு என் அக்கா கணக்குகளைச் செய்து முடித்தாள். போருக்கு முன்பே தொடங்கியதும் போர் தந்ததும் ஒரே உடம்பில் இருக்கலாம். எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதிவிட்டால், முதலாவதற்குக் கிடைக்கக்கூடிய உதவி கிடைக்காமலே போகும்.

கலைஞர் த. சனாதனனின் ‘முழுமையடையாத் தோம்பு’ 2011இல் வெளியானது. இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து கீறிய தங்கள் வீடுகளின் வரைபடங்களை, காணிப் பதிவேட்டின் சாயலில் தொகுத்த நூல் அது. ஆவணம் தொலைந்த இடத்தில் கை வரைந்த கோடு நிற்கலாம் என்பதை அதில்தான் பார்த்தேன். என் வரிசைக்கும் அதுவே வழி காட்டியது. ஒன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை, தவணைக்கு ஒன்றாக, 18 தேர்ச்சி அறிக்கைகள். புள்ளிகள் இருக்க வேண்டிய கட்டங்களுக்குள் படங்கள்: பாதியில் நின்ற பெருக்கல் வாய்பாடு, ஒற்றைச் செருப்பு, ஆசிரியையின் சேலைக் கரையில் நான் எண்ணிக்கொண்டிருந்த மாங்காய்கள்.

அவற்றை ஒரு சிறு அறையில் மாட்டியபோது, பார்க்க வந்த பெண்கள் வெற்றுப் படிவம் கேட்டார்கள். கொடுத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனக்கு நிரப்பவில்லை. தன்னிடம் படித்த ஒரு மாணவிக்கு நிரப்பினார். ‘குறிப்பு’ என்ற இடத்தில் அந்தக் காலத்தில் தான் எழுதியதை முதலில் எழுதி, கீழே இன்று எழுதக்கூடியதை எழுதினார்.

இவற்றை மருத்துவர் ஆதாரமாக ஏற்பாரா என்று ஒரு பெண் கேட்டார். நாற்பது வயதில் வரைந்தது ஏழு வயதின் பதிவாகாது. நினைவு தனக்குப் பிடித்தபடி நிறம் தீட்டும். அதை அவருக்கும் சொன்னேன். அவர் தன் தாளை மடித்துக் கிளினிக்குக்குக் கொண்டு போனார். மருத்துவர் அதை மேசையில் விரித்து வைத்து, கட்டம் கட்டமாக, இது எந்த வகுப்பில், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டாராம். அடுத்த தடவை தன் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறார்.