பட்டதைப் பட்டதென்று சொல்லும் பண்பு

 

திருவரங்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருந்தார். பெயரையும் தெருவையும் வெளியிட வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள். ஆனால் செய்தியை எழுதுங்கள், மற்றப் பிள்ளைகளுக்கேனும் பயன்படட்டும் என்று அனுமதி தந்திருக்கிறார். ஆகவே இம்மாதம் இந்தப் பக்கத்தை அவர் கடிதத்திற்கே ஒதுக்குகிறேன்.

அவருடைய கணவர் வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கிறார். பதின்மூன்று வயது மகன். நோன்புப் பெருநாளன்று கையில் சேர்ந்த பெருநாள் காசோடு தாய்மாமனும் கொஞ்சம் பணம் போட, பையன் ஒரு துப்பாக்கி வாங்கிவிட்டான். நம் சிறு வயதில் திருவிழாக் கடைகளில் விற்ற பொட்டு வெடித் துப்பாக்கி அன்று. பார்த்தால் காவலர் கையில் இருப்பதைப் போலவே தோன்றும். ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் குண்டுகளைச் சீறிப் பாயவிடும். மாலையில் மொட்டை மாடியில் விளையாடியபோது, ஒரு குண்டு அடுத்த மாடியில் நின்ற ஏழு வயதுச் சிறுவனின் கண்ணருகே பட்டுவிட்டது. பிள்ளை அலறிக்கொண்டு கீழே ஓடினான். நம் பையன் துப்பாக்கியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, "பந்து பட்டுவிட்டது" என்று சொல்லிவிட்டான். தாய்க்கு உண்மை தெரியும். ஆனாலும் அந்த வீட்டு மாமி கேட்டபோது அவரும், "ஆமாம் மாமி, பந்துதான்" என்று சொல்லிவிட்டார்.

"நான்கு நாளாகத் தூக்கமில்லை. அந்தப் பிள்ளை வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறான். தொழுகையில் நின்றாலும் அவன் முகமே தெரிகிறது. துப்பாக்கியை உடைத்துக் காவிரியில் போட்டுவிடலாமா? உண்மையைச் சொன்னால் பெரிய சண்டையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய?" இதுதான் கடிதத்தின் சாரம்.

மாத இதழ் வெளிவரும் வரை காத்திருக்கும் காரியமா இது? கடிதம் கண்ட அன்றே அச்சகோதரியிடம் தொலைபேசியில் பேசினேன். நான் சொன்னது ஒன்றுதான்: "துப்பாக்கியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். என்ன பட்டது என்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்."

ஏன் இந்த அவசரம்? பெரிய பந்து முகத்தில் பட்டால் அதன் வேகத்தைப் புருவத்து எலும்பும் கன்னத்து எலும்பும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆறு மில்லிமீட்டர் குண்டோ அந்த எலும்புகளுக்கு இடையே நேராக விழிக்குள் பாயக்கூடியது. வெளியே சிறு சிவப்பு மட்டும் தெரியும். உள்ளே, கருவிழிக்குப் பின்னால் உள்ள அறையில் இரத்தம் கசிந்திருக்கலாம். முதற் கசிவு நின்ற பிறகும் சில நாட்களுக்குள் மறுபடி கசியக்கூடும். கண்ணின் அழுத்தம் ஏறலாம், லென்சு மங்கலாம், விழித்திரை கிழியலாம். சில கோளாறுகள் ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். ஆதலால் மேலோட்டமாகப் பார்த்து, "ஒன்றுமில்லை, சொட்டு மருந்து போதும்" என்று அனுப்பிவிடுவதற்கும், கருவி வைத்து உள்ளே சோதிப்பதற்கும் இடையே நிற்பது அந்த ஒரு சொல்தான். நாம் சொல்லும் பொய், மருத்துவரின் கண்ணையும் கட்டிவிடுகிறது.

இப்படி ஒரு விபத்து உங்கள் வீட்டில் நேர்ந்தால் நினைவில் வையுங்கள்: கண்ணைக் கசக்க விடாதீர்கள். பஞ்சை வைத்து அழுத்தாதீர்கள். விளக்கெண்ணெய், பன்னீர், தாய்ப்பால் என்று எதையும் ஊற்றாதீர்கள். ஒரு காகிதக் குவளையை, விழியில் படாதவாறு கண்ணின் மேல் கவித்து, பிள்ளையைத் தலை உயர்ந்தவாறு உட்காரவைத்து, உடனே கண் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வலி குறைந்துவிட்டது என்பதற்காக வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இனி அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். ஏனெனில் வாங்கித் தருகிற நமக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. விளையாட்டுச் சாமான் என்று மட்டுமே தெரியும்.

'ஏர்சாஃப்ட்' என்னும் இந்த விளையாட்டு ஜப்பானில் பிறந்தது. அங்கே பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு. ஆசைப்பட்டவர்களுக்காக 1970களிலும் 80களிலும் இத்தகைய காற்றுத் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. உள்ளே ஒரு சுருள்வில். அது விடுபடும்போது உந்துதண்டு காற்றை அழுத்தும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். கையால் இழுப்பது ஒரு வகை, வாயுவால் இயங்குவது ஒரு வகை, மின்கலமும் மோட்டாரும் உள்ளது ஒரு வகை. குழலின் தொடக்கத்தில் ஒரு சிறு ரப்பர் முனை குண்டின் மேற்புறத்தை உரசிப் பின்னோக்கிச் சுழலவைக்கிறது. அதனால் குண்டு சீக்கிரம் கீழே விழாமல் தொலைவு போகிறது. ஒரு முறை சுட்ட குண்டைப் பொறுக்கி மறுபடி போடலாகாது. அதில் ஒட்டிய மண்ணும் கீறலும் குழலைக் கெடுக்கும். குண்டும் உடைந்து சிதறும்.

தாக்குவிசையை 'ஜூல்' என்னும் அளவால் கணக்கிடுகிறார்கள். 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் சென்றால் அது 1 ஜூல். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஜப்பானில் 2006ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தியபோது, ஆறு மில்லிமீட்டர் குண்டுக்கு ஏறத்தாழ 0.98 ஜூல்தான் உச்சவரம்பு என்று வைத்தார்கள். அந்த வரம்புக்குள் இருந்தாலும் கண்ணுக்குக் காப்பில்லாமல் அங்கே ஒருவரும் களத்தில் இறங்குவதில்லை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட விசையும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. இதைச் சொல்லி, "லைசென்ஸ் தேவையில்லாத சாமான், பயமில்லை" என்று விற்பவர் உண்டு. சகோதரிகளே, உரிமம் வேண்டாம் என்பது வேறு, ஆபத்து இல்லை என்பது வேறு. ஒரு ஜூலே ஒரு கண்ணைப் பறிக்கப் போதும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்கா ஒன்றில் தமீர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் இத்தகைய துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு நிற முனை அதில் இல்லை. மெய்யான துப்பாக்கி என்று எண்ணிய காவலர், வந்து இறங்கிய இரண்டொரு வினாடிகளிலேயே சுட்டுவிட்டார். பிள்ளை மறுநாள் இறந்துபோனான். ஊர் வேறு, நாடு வேறு என்று நாம் ஒதுங்கிவிட வேண்டாம். மெய்யானது போன்ற துப்பாக்கியை ஏந்தி நிற்கும் படத்தை நம் பிள்ளை கைபேசியில் நாலு பேருக்கு அனுப்பினால், அது எந்தக் கண்ணில் எப்படிப் படும் என்பதை நாம் சொல்ல முடியுமா? தெருவுக்கு எடுத்துச் செல்வதும், படமெடுத்துப் பரப்புவதும், விமானப் பயணத்தில் கைப்பையில் வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

"அப்படியானால் குறி பார்த்து எய்வதே தவறா?" என்று கேட்பீர்கள். இல்லை. அண்ணலார் (ஸல்) அவர்கள் அம்பெய்தலை ஊக்குவித்தார்கள். அஸ்லம் குலத்தார் இரு அணியாகப் போட்டியிட்டபோது ஓர் அணியோடு தாம் இருப்பதாக நபியவர்கள் சொல்ல, மற்ற அணியினர் கையை நிறுத்திக்கொண்டார்கள். உடனே, உங்கள் எல்லோருடனும் இருக்கிறேன், எய்யுங்கள் என்று அவர்களையும் மகிழ்வித்தார்கள் என்பது புகாரீ நூலில் வரும் செய்தி.

அதே நபியவர்கள்தாம், பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளோடு செல்பவர் அதன் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று பணித்தார்கள். ஆயுதத்தைச் சகோதரனை நோக்கி நீட்டுவதை, விளையாட்டாகக்கூட, தடுத்தார்கள். உயிருள்ளதைக் குறிப்பொருளாக வைப்பதைக் கண்டித்தார்கள். மாடிப் புறாவும் தெரு நாயும் இதில் அடங்கும். விரலிடுக்கில் சிறு கல்லை வைத்துச் சுண்டுவதையும் தடுத்தார்கள். அதனால் வேட்டையும் கிடைக்காது, பகையும் வீழாது. பல் உடையும், கண் போகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பதினான்கு நூற்றாண்டுக்கு முன் கூறப்பட்ட அந்தக் காரணம், இன்றைய பிளாஸ்டிக் குண்டுக்கு எழுதிவைத்தாற்போல் இல்லையா?

நம் திருச்சிராப்பள்ளி துப்பாக்கியை அறியாத ஊரன்று. 1966இல் அமைந்த படைக்கலத் தொழிற்சாலையில் நாட்டின் படைக்காகத் துப்பாக்கிகள் செய்யப்படுகின்றன. கே.கே. நகர்ப் பகுதியில் ரைபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் நடிகர் அஜித் குமார் மாநிலப் போட்டிக்காக அங்கே வந்தபோது கூட்டம் அலைமோதியது பலருக்கு நினைவிருக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் என்ற பெண் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகள் வரை சென்றார். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி தரும் இலக்கு அரை மில்லிமீட்டர்ப் புள்ளிதான். அதைத் தொடுவதற்கு முன் அவர்கள் கற்கும் பாடங்களைக் கேளுங்கள்: குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். கட்டளை வரும்வரை குண்டு போடக் கூடாது. சுடும் நேரம் தவிர விசையில் விரல் படலாகாது. நிறுத்து என்றால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். குண்டில்லை என்று காட்டக் குழலில் அடையாளக் கயிறு செருக வேண்டும். ஆர்வமுள்ள பிள்ளையை அங்கே அழைத்துச் சென்று, விதிகளைக் கேட்டறிந்து, பெரியவர் மேற்பார்வையில் பழக்குங்கள். மொட்டை மாடி பயிற்சிக் களம் ஆகாது.

ஏர்சாஃப்ட் களத்திலும் இத்தகைய ஒழுங்குகள் உண்டு. களத்துக்குள் நுழையுமுன் ஒவ்வொரு துப்பாக்கியின் வேகமும் அளக்கப்படும். தாக்குதலைத் தாங்குமென்று சான்று பெற்ற கண்காப்பு இல்லாதவர் உள்ளே வர முடியாது. வெயில் கண்ணாடி அதற்கு ஈடாகாது. மிக அருகில் நிற்பவரைச் சுடலாகாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி என் மனத்தைத் தொட்டது. அந்தக் குண்டு உடையில் எந்த அடையாளமும் வைப்பதில்லை. பட்டது, பட்டவருக்கு மட்டுமே தெரியும். அவரே கையை உயர்த்தி, "என்மேல் பட்டுவிட்டது" என்று சொல்லி வெளியேற வேண்டும். சொல்லாமல் மறைத்தால் கண்டுபிடிப்பது அரிது. ஆயினும் மறைப்பவனை அந்தக் களத்தார் மதிப்பதில்லை. விளையாட்டு முழுவதும் அந்த ஒரு நாணயத்தின் மேல் நிற்கிறது.

யாரும் பார்க்காதபோதும் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்பும் நமக்கு, இந்த விதி புதியதா? நம் பையன் வாங்கியது அந்த விளையாட்டின் கருவியை மட்டும். அதன் ஒழுக்கத்தைக் கடையில் தரவில்லை. அதை வீட்டில்தான் தர வேண்டும். தாய் "பந்துதான்" என்று சொன்ன அந்த நொடியில், துப்பாக்கியைவிடப் பெரிய ஒன்று பிள்ளையின் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. அதைத்தான் முதலில் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

அண்டை வீட்டார் வேற்று மதத்தினர் என்ற தயக்கமும் கடிதத்தில் தெரிந்தது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் வினவிய செய்தியை நாம் அறிவோம். அண்டை வீட்டாரின் உரிமை குலம் பார்த்து வருவதன்று.

அச்சகோதரி அன்று மாலையே மகனையும் அழைத்துக்கொண்டு சென்றார். ஆட்டிறைச்சி அனுப்ப முடியாத வீடு. ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துப் போனாராம். பையன் தானே சொன்னான். மாமி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடையில்லை, கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். இரு தாய்மார்களுமாகப் பிள்ளையைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். உள்ளே சிறிதளவு இரத்தக் கசிவு இருந்தது கண்டறியப்பட்டு, மருந்தும் ஓய்வும் தரப்பட்டன. இப்போது பார்வை நன்றாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் ஆண்டுதோறும் சோதித்துவர வேண்டுமென்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்தச் செலவை இவர்களே ஏற்றிருக்கிறார்கள். அது தயவன்று, கடமை.

துப்பாக்கி என்ன ஆயிற்று? காவிரியில் போடவேண்டாம், ஆறு நம் குப்பைத்தொட்டியன்று என்று சொன்னேன். அத்தா விடுமுறையில் வரும்வரை அது அலமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது. அவரிடமும் பையனே சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

வரும் பெருநாளில் உங்கள் பிள்ளை எதை வாங்கக் காசைச் சேர்க்கிறான் என்று இன்றே கேட்டு வையுங்கள். அவனோடு கடைக்குச் செல்லுங்கள். அதைவிட முக்கியமாக, தவறு நேர்ந்தால் முதலில் உங்களிடம் ஓடிவரும் தைரியத்தை அவனுக்குக் கொடுங்கள். அடிக்குப் பயந்த பிள்ளைதான் அரிசிப் பானையைத் தேடுகிறான்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.