பாட்டு கேட்கிறதா, வார்த்தை கேட்கிறதா?

திருப்பதி, சித்தூர்ப் பக்கம் பிழைக்க வந்த நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தலைமுறை மாறிவிட்டது. அப்பா ஸ்கூட்டரில் வேலைக்குப் போனார். பிள்ளை காரில் போகிறான். அதுவும் சாதாரணக் கார் அல்ல, "ஸ்போர்ட்ஸ் கார்". அசல் ஸ்போர்ட்ஸ் கார் என்பது கோடி ரூபாய் சமாச்சாரம். அது நமக்கு எட்டாது. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பெயரில் அழைப்பது போலோ ஜி.டி., ஐ-20 என் லைன் போன்ற வேகமான சிறிய கார்களைத்தான். போலோ இந்தியாவில் 2022-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதைப் பழைய காராகத்தான் வாங்க முடியும். அப்படிக் கடன் வாங்கியோ சேமித்தோ ஒரு காரை வீட்டு வாசலில் நிறுத்திய அடுத்த வாரமே இரண்டாவது செலவு ஆரம்பமாகிறது: மியூசிக் சிஸ்டம்.

இந்த இரண்டாவது செலவைப் பற்றித்தான் நம் சங்கக் குடும்பங்களோடு பேச விரும்புகிறேன். இது இளைஞர்களின் விளையாட்டுக் காரியம், நமக்கென்ன என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது என் தாழ்மையான கருத்து. வேற்று மொழி மாநிலத்தில் வாழும் நமக்குக் கார் என்பது குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து தமிழ் கேட்கும் இடம். வீட்டில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு செல்போன். காரில் அப்படித் தப்பிக்க வழியில்லை. சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளின் காதில் என்ன விழுகிறது என்பது சின்ன விஷயமா?

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்த பணத்தில் காரின் ஒலியை மேம்படுத்துவதானால் சத்தத்துக்குச் செலவு செய்யாதீர்கள். சொல்லுக்குச் செலவு செய்யுங்கள்.

ழகரம் எங்கே போகிறது?

ல, ள, ழ என்ற மூன்று எழுத்துகளையும் நம் காது பிரித்தறிவது, ஏறத்தாழ 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிப்பகுதியில் உண்டாகும் நுட்பமான வேறுபாடுகளால்தான். டிக்கியில் வைக்கும் பெரிய வூஃபர் எழுப்பும் "தும் தும்" ஒலியோ 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே. கனத்த ஒலி ஓங்கி ஒலிக்கும்போது அதற்கு மேலேயுள்ள மெல்லிய ஒலிகளைக் காது தவறவிடும். ஒலியியல் அறிந்தவர்கள் இதை மறைப்பு என்பார்கள். காரின் டயர் இரைச்சலும் கீழ்ப்பகுதி ஒலிதான். ஸ்போர்ட்ஸ் ரகக் காரில் அகலமான டயர், இறுக்கமான ஸ்பிரிங், உறுமும் சைலன்ஸர் என்று அந்த இரைச்சல் இன்னும் அதிகம். அதன்மேல் வூஃபரையும் ஏற்றினால் மெட்டு கேட்கும், தாளம் கேட்கும். வாழையும் வாளையும் ஒன்றாகிவிடும்.

தமிழ்நாட்டில் இருக்கும் பிள்ளைக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. அவனுக்குத் தெருவெல்லாம் தமிழ். நம் பிள்ளைகள் கதை வேறு. அவர்கள் பள்ளியில் படிப்பது தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும். தெலுங்கில் லகரமும் ளகரமும் உண்டு. ஆகவே அவை இரண்டும் பள்ளியிலேயே படிந்துவிடும். ஆனால் இன்றைய தெலுங்கில் ழகரம் வழக்கில் இல்லை. அது நம் வாயிலிருந்தும், நம் பாட்டிலிருந்தும்தான் அவர்களுக்கு வர வேண்டும். கேட்காத எழுத்து நாக்கில் வராது.

கடை வாசலில் நடக்கும் கணக்கு

சித்தூரில் இருக்கும் என் அக்கா மகன் பழைய கார் ஒன்று வாங்கினான். வாரத்தில் ஐந்து நாள் திருப்பதிக்கு வந்து போகும் வேலை. மியூசிக் சிஸ்டத்துக்காக அவன் எடுத்து வைத்திருந்தது 15,000 ரூபாய். கடையில் கேட்டதற்குப் பெரிய வூஃபர், அதற்கு ஆம்ப்ளிஃபயர், புதிய டச் ஸ்கிரீன் என்று 32,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்களாம். பாக்கியைத் தவணையில் கட்டலாம் என்று யோசனையும் சொன்னார்களாம்.

"மாமா, பாஸ் இல்லேன்னா பாட்டு செத்துப் போயிடும். ஐம்பது வாட் நாலு ஸ்பீக்கருக்கு வருதாம்" என்றான்.

"ஐம்பது வாட்டுன்னு அட்டையிலே போட்டிருக்கா, அளந்து பார்த்தாங்களாடா?" என்று கேட்டேன். சிரித்தான்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஓடும் காரில் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், அந்த அழுத்தத்தை நேரடியாகக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடிய சக்தி, எப்படிக் கணக்குப் போட்டாலும் 25 வாட்டைச் சுற்றித்தான் நிற்கும். நடைமுறையில் அதைவிடக் குறைவு. அட்டையில் அச்சிடும் ஐம்பது என்பது ஒரு நொடிக்கும் குறைவான உச்சம். வாங்கும்போது ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. சக்தியை இரண்டு மடங்காக்கினால் ஒலி உயர்வது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் உயர வேண்டும். அதற்குச் சக்தி பத்து மடங்கு வேண்டும். ஆகவே வாட்டை விலை கொடுத்து வாங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது போல. அதைவிட ஸ்பீக்கரின் உணர்திறனைப் பாருங்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்த டெசிபல் எண் பெட்டியில் இருக்கும். 89 உள்ள ஸ்பீக்கருக்கு 20 வாட் தந்தால் வரும் ஒலியை, 92 உள்ள ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும்.

கதவே பெட்டி

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி உண்டு. காரில் கதவுதான் பெட்டி. அதுவோ தகரம், அதிலும் ஓட்டைகள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னொலியும் பின்னொலியும் ஓட்டைகள் வழியே சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் காணாமல் போவது பாஸ். பிள்ளைகள் "பாஸ் இல்லை" என்று புலம்புவதில் பாதிக்கு மேல் இந்த ஓட்டைகளின் வேலைதான்.

இதற்கு மருந்து, தகரத்தின் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட். ஒரு பக்கம் அலுமினியத் தாளும் மறுபக்கம் பசையும் இருக்கும். வெளித்தகரத்தின் உள்புறம் ஒட்டி, உள்தகரத்தின் பெரிய ஓட்டைகளை மூடினால் கதவு திடமான பெட்டியாகிறது. பாஸ் திரும்பி வருகிறது. சாலை இரைச்சலும் கொஞ்சம் குறைகிறது. ஒரே எச்சரிக்கை: கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகளை மூடிவிடக் கூடாது. மூடினால் துரு பிடிக்கும்.

மருமகனுக்குக் கடைசியில் நாங்கள் போட்ட கணக்கு இது. முன்கதவு இரண்டுக்கும், ட்வீட்டர் தனியாக வரும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி 6,500 ரூபாய். முன்கதவுகளுக்கு ஷீட் 2,800. ஸ்பீக்கரைப் பொருத்தும் வளையமும் ஒயரை வெட்டாமல் இணைக்கும் கப்ளரும் 900. கூலி 1,800. ஆக மொத்தம் 12,000. கம்பெனி கொடுத்த செட் அப்படியே இருக்கிறது. பின் ஸ்பீக்கரைத் தொடவில்லை. மேடை நமக்கு முன்னால்தான் இருக்கிறது. கச்சேரிக்கு யாரும் முதுகைக் காட்டி உட்காருவதில்லை. மிச்சம் 3,000 ரூபாயை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

காசே இல்லாமல் செய்யக் கூடியவையும் உண்டு. செட்டில் "பாஸ் பூஸ்ட்", "லவுட்னெஸ்" என்று இருப்பவற்றை அணையுங்கள். டயரில் காற்று அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். கதவுப் பையில் உருளும் சில்லறையையும் சாவியையும் எடுத்து வையுங்கள். யாரோ யாருக்கோ அனுப்பித் தேய்ந்த பாட்டை விட்டுவிட்டு, நல்ல பதிவைத் தேடிப் பென் டிரைவில் ஏற்றுங்கள். மோசமான பதிவை எந்த ஸ்பீக்கரும் திருத்தாது.

தீயும் காதும்

பேட்டரிக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை; 1985-ஆம் ஆண்டு தொடங்கிய அமர ராஜா நிறுவனம் திருப்பதியை அடுத்த கரகம்பாடியில்தான் வேரூன்றி வளர்ந்தது. ஆனால் நல்ல பேட்டரிக்கும் கெட்ட ஒயரிங் சத்துரு. தனி ஆம்ப்ளிஃபயர் வைப்பவர்கள் பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்கு மிக அருகில், ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாமல் எங்காவது தகரத்தில் ஒயர் உரசினால் தீப்பிடிக்கும். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரைச் செம்பு ஒயர் என்று விற்பதும் உண்டு. நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரியும். கம்பெனி ஒயரை வெட்டினால் மின்பகுதிக்கான வாரண்டிக்கும் சிக்கல் வரலாம்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை, பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம்; குழந்தைகளுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினமும் சித்தூர் - திருப்பதி போய் வருபவன் அந்தச் சத்தத்தில் கேட்டால், செவ்வாய்க்கிழமை காலைப் பயணம் முடிவதற்குள் அந்த வாரத்து ரேஷன் தீர்ந்துவிடும். கெட்ட காது மெதுவாகத்தான் கெடும். ஆனால் திரும்பி வராது. முதலில் போவதும் மேல்பகுதி ஒலிகள்தான், அதாவது மெய்யெழுத்துகள்.

இளைஞர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. தவிலுக்கும் பறைக்கும் அடியொலி வேண்டாமா? இளையராஜாவின் பாட்டில் பாஸ் கிடார் தனியே ஒரு கதை சொல்லுமே, அதைக் கேட்க வேண்டாமா? வேண்டும். பாஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசை மாற வேண்டாம் என்கிறேன். முதலில் கதவு, முன் ஸ்பீக்கர். ஆறு மாதம் கேட்டுவிட்டு, இன்னும் ஏக்கம் இருந்தால், சீட்டுக்கு அடியில் வைக்கும் சிறிய வூஃபர் ஒன்று போதும். கையில் பணம் சேர்ந்த பிறகு வாங்கலாம், தவணையில் வேண்டாம்.

வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது? கடைக்காரர் போடும் சோதனைப் பாட்டை நம்பாதீர்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963-ஆம் ஆண்டு வெளியான வேங்கடேச சுப்ரபாதத்தைப் போடுங்கள். திருப்பதியில் வாழும் நமக்கு அது மனப்பாடம். ஒரு எழுத்து மங்கினாலும் தெரிந்துவிடும். பிறகு சித்தூர் பெயரைத் தம் பெயரோடு சுமந்த நாகையாவின் பழைய பாட்டு ஒன்று. அந்தக் காலப் பதிவுகளில் குரல்தான் எல்லாம். கடைசியாக, வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு ஒரு தமிழ்ப் பேச்சைப் போடுங்கள். பின் சீட்டில் வீட்டிலேயே வயதானவரை உட்கார வையுங்கள். "என்னப்பா சொன்னான்?" என்று அவர் கேட்காவிட்டால் உங்கள் பணம் வீண் போகவில்லை.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டுப் பாட்டி, தாத்தா சொல்லும் கதைகளைச் செல்போனில் பதிவு செய்து ஒரு பென் டிரைவில் சேர்த்து வையுங்கள். விருப்பமுள்ளவர்கள் சங்கக் கூட்டத்தில் மற்றவர்களோடும் மாற்றிக்கொள்ளலாம். நூறு கதை சேர்ந்தால் காட்பாடிக்கும் காளஹஸ்திக்கும் போகும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு அது பாடமாகும். இயந்திரம் விலை கொடுத்தால் கிடைக்கும். அதில் ஒலிக்க வேண்டிய குரல்கள் இன்று நம்மோடு இருக்கின்றன. அவற்றை இன்றே பதிவு செய்துகொள்வோம்.